எலும்பு கூடியாச்சு, ஆள் எழவில்லை

மல்லாங்கிணறு பக்கம் வயசாளி ஒருத்தர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், கடன் வாங்கியாவது ஆபரேஷன் பார்த்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும், "அசையாதீங்கப்பா, மறுபடி விழுந்துராதீங்க" என்று கட்டிலோடு போட்டுவிடுகிறோம். இதற்குப் பாசம் என்று பெயர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டாக்டர் தடை சொல்லாவிட்டால் ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் இன்றைய வைத்தியம். படுத்தே கிடந்தால் சதை கரையும், புண் வரும், நெஞ்சில் சளி கட்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி பார்ப்பவர் வீட்டுக்கே வருகிறார். நல்ல காரியம்தான். அவர் போன பிறகு மற்ற நாட்களில்? சொல்லிக்கொடுத்த பயிற்சி அத்தோடு நிற்கிறது. காலைவிட மனசில்தான் பயம் அதிகம்.

"எதுவரைக்கும் நடக்க ஆசை?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். டீக்கடை வரைக்கும் என்பார். இந்த வாரம் திண்ணை, அடுத்த வாரம் தெருமுக்கு என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, மறுவாரம் வந்து விசாரிக்க வேண்டும். வெளிநாட்டில் இந்த ஆளுக்கு ஹெல்த் கோச் என்று பெயர், சம்பளமும் உண்டு.

நமக்குப் புது ஆள் எதற்கு? பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு வீடாக வரும் தன்னார்வலப் பெண்கள் இருக்கிறார்களே! அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள். ஊக்கத்தொகையையும் கூட்டிக் கொடுங்கள். இந்த வேலையையும் இனாமாக அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.