பிசியை மறந்த புலவர்கள்

சென்ற மாதம் சிதம்பரத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் வழக்கம்போல் கூடியிருந்தோம். கடலூரிலிருந்து மூவர், உள்ளூரார் ஐவர். நாவலில் தொடங்கிய பேச்சு கணினி விளையாட்டில் வந்து நின்றது. "அது பிள்ளைகளின் பொழுதுபோக்கு. இலக்கியம் பேசுமிடத்தில் அதற்கென்ன வேலை?" என்றார் மூத்த அன்பர் ஒருவர். ஐயா ஏதேனும் ஒன்றை விளையாடிப் பார்த்ததுண்டா என்று கேட்டோம். தேவையில்லை என்றார். நூலைப் பிரிக்காமலே மதிப்புரை எழுதுகிறவரை அவரே எத்தனை முறை ஏசியிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே இக்கட்டுரை அவருக்கும், அவரை ஒத்த நம்மவர்க்கும்.

முதலில் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின் வகைகளை ஏழாக எண்ணும்போது பிசியையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பிசி என்பது விடுகதை. பாட்டுக்கும் உரைக்கும் நூலுக்கும் கொடுத்த அதே வரிசையில் விடுகதைக்கும் இடம் கொடுத்த மரபு நம்முடையது. திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடினார். தண்டியலங்காரம் சித்திரகவிக்கு இலக்கணம் வகுத்தது. புதிரை விடுவிப்பதும் வாசிப்பே என்று ஒப்புக்கொண்ட மரபில் வந்தவர்கள், இன்று புதிர் என்றாலே முகம் சுளிப்பது விந்தைதான்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? தேவாரச் சுவடிகள் மீட்கப்பட்ட வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. சுவடிகள் இருந்த அறை பூட்டிக் கிடந்தது. மூவரும் நேரில் வந்தாலன்றித் திறவோம் என்றனர் தில்லைவாழ் அந்தணர். மூவரோ மறைந்து பல காலம் ஆகிவிட்டது. சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவின்முன் கொணர்ந்தான். இவை வெறும் சிலைகள் என்று அந்தணர் சொல்ல முடியுமா? சொன்னால் கூத்தப்பிரானின் திருமேனியையும் அவ்வாறே சொல்ல வேண்டிவரும். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளைக் கறையான் அரித்திருந்தது.

கதவைத் திறந்த விடையே இக்கதையின் உட்பொருளுமாக இருப்பதைக் கவனியுங்கள். விடையை எடுத்துவிட்டால் கதையும் இல்லை. எங்கள் அளவுகோல் இதுவே. கதை ஒருபுறம் நிற்க, அடுத்த காட்சிக்குப் போகவிடாமல் குறுக்கே ஒரு பூட்டைத் தொங்கவிடும் விளையாட்டுகள் ஏராளம். அவற்றை அன்பர் இகழட்டும், எங்களுக்கு மறுப்பில்லை. நாங்கள் அண்மையில் முடித்த மூன்றை மட்டும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கிறோம்.

முதலாவது, லூகாஸ் போப் உருவாக்கி 2018இல் வெளியான 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. ஆண்டு 1807. காணாமற்போன வணிகக் கப்பல் ஒன்று ஆளின்றிக் கரை சேர்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய காப்பீட்டு அலுவலராக நாம் அதில் ஏறுகிறோம். கையில் ஒரு கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால் அவர் இறந்த கணம் உறைந்து தெரியும். கப்பலில் இருந்த 60 பேரும் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பேச்சின் சாயல், உடை, படுக்கை எண் ஆகியவற்றைக் கொண்டு நாமே உய்த்தறிய வேண்டும். கடைசியில் எஞ்சும் சிலரை ஊகத்தால் நிரப்ப நேர்வது குறையே.

ஆயினும் இந்த விளையாட்டு எங்களை உலுக்கியது. 1690இல் கம்பெனி விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் எங்கள் தேவனாம்பட்டினத்தில் இன்றும் நிற்கின்றன. 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் அதுதான். அக்கரையில் வளர்ந்த நாங்கள், மாலுமிப் பட்டியலில் 'இந்தியா' என்று குறிக்கப்பட்டவர்களின் பெயர்களைத் தேடித்தேடி முகங்களோடு பொருத்தினோம். பொருத்தி முடித்தபின் வருவது ஈட்டுத்தொகைக் கணக்கு: இறந்தவர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு கொடுக்க வேண்டும், அல்லது அபராதமாக இவ்வளவு பிடிக்க வேண்டும். அத்தனை நேரமும் துப்பறிந்தோம் என்று மகிழ்ந்த நாம் உண்மையில் கம்பெனியின் கணக்குப்பிள்ளையாக இருந்தோம். நாவல் இதை நமக்குக் காட்டியிருக்கும். இது நம் கையாலேயே எழுத வைத்தது.

இரண்டாவது 'சாண்ட்ஸ் ஆஃப் சென்னார்'. பிரான்சின் ரன்டிஸ்க் நிறுவனம் உருவாக்கி 2023இல் வெளியானது. பாபேல் கோபுரத்தை ஒத்த ஒரு கோபுரத்தில் தளத்துக்கு ஒரு மக்கள், மக்களுக்கு ஒரு எழுத்து. நாம் எதுவும் அறியாமல் நுழைந்து, சைகையையும் சூழலையும் பார்த்துக் குறிகளுக்குப் பொருள் கற்பிக்கிறோம். ஒரு மொழியில் குறியை இரட்டித்தால் பன்மை. இன்னொன்றில் பன்மைக்குத் தனிக்குறி. ஒரு தளத்தார் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் ஒன்று, மேல் தளத்தார் அவர்களுக்கு இட்ட பெயர் வேறொன்று. ஊரையும் சேரியையும் அறிந்த தமிழனுக்கு இதற்கு மேல் உரை வேண்டுமா? காவலர் கண்ணில் படாமல் ஒளிந்து ஓடும் கட்டங்கள் மட்டும் வீண். அங்கே மொழி நின்று போகிறது, வெறும் பூட்டு தொங்குகிறது.

மூன்றாவது, நம்மவர் அதிகம் கொண்டாடிய 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. 1988இல் கனடாவில் குடியேறி வாழும் வெண்பா, பாவலன், அவர்களுடைய மகன் கவின் ஆகியோரின் கதை. தாய் தந்த சமையல் ஏடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதே புதிர். கறையான் தின்ற ஏட்டின் கதை கடல் கடந்தும் தொடர்கிறது என்றே எங்களுக்குத் தோன்றியது.

விருது வந்ததும் தமிழன் பெருமை என்று முழங்கியவர்களில் எத்தனை பேர் இதை ஒரு சிறுகதையைப் போல எடைபோட்டார்கள்? நாங்கள் போடுகிறோம். தவறாகச் சமைத்தால் இழப்பு ஏதுமில்லை, மீண்டும் முயலலாம். அதனால் கதையில் உள்ள இழப்பின் கனம் கைக்கு வந்து சேர்வதில்லை. இரண்டு மணி நேரம்கூட நீடிக்காத கதையில் தந்தை பாவலன் முழுமை பெறவில்லை. இவை குறைகள்.

ஆனால் எந்த விமர்சகரும் சொல்லாத ஒரு நிறைவும் உண்டு. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது எங்களுக்குப் புதிரே அல்ல, திருப்பாதிரிப்புலியூரில் எந்த வீட்டுச் சமையலறையிலும் விடை இருக்கிறது. அதே தட்டு டொராண்டோவில் வளர்ந்த மகனுக்குப் புதிர். ஒரு தலைமுறையின் பழக்கம் அடுத்த தலைமுறைக்கு விடுகதையாகிவிடுவதுதான் புலம்பெயர்வு. வளர்ந்த கவின் தடுமாறும் தமிழோடு அந்த ஏட்டைப் படிக்க முயலும் இடத்தில் புதிரும் கதையும் ஒன்றாகின்றன. புலம்பெயர் இலக்கியம் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியதை ஓர் இட்லித் தட்டு சொல்லிவிட்டது.

எங்கள் வழக்கு இரு தரப்பார் மீதும். விளையாடாமலே இகழ்வோரும், எடைபோடாமலே புகழ்வோரும் செய்வது ஒன்றுதான்: விமர்சனம் என்ற கடமையைக் கைவிடுவது. எங்கள் கூட்டங்களுக்கு வராத கல்லூரி மாணவர்கள் இரவெல்லாம் கதைகளுக்குள்தான் இருக்கிறார்கள். அவற்றில் எது கலை, எது வெறும் பூட்டு என்று அவர்களோடு பேச நம்மில் ஆளில்லை. நாளை அவர்களில் ஒருவர் தமிழில் ஒரு விளையாட்டை எழுத முனைந்தால், பிசிக்கு இலக்கணம் வைத்திருந்த மொழியில் அவருக்கு வழிகாட்ட ஒரு விமர்சன வரிகூட இராது.

மறுப்புள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். ஒரே நிபந்தனை: மூன்றில் ஒன்றையாவது முடித்துவிட்டு வாருங்கள். கணினி இல்லாதவர்களுக்கு அதே மாடியில் எங்கள் கணினி காத்திருக்கிறது, மூத்த அன்பருக்கு முதல் இருக்கை.