நுரையீரலுக்கு ரீவைண்டிங் உண்டா?



"மச்சான், கொசு மெஷினும் இ-சிகரெட்டும் ஒண்ணுதான்டா. திரவம், திரி, ஹீட்டர்... மாத்திக் காட்டட்டுமா?" ஹாஸ்டலில் நண்பன் கேட்டான். தத்துவம் சரிதான். ஆனால் தத்துவம் மட்டுமா எஞ்சினீயரிங்?

அந்தத் திரியில் ஊறியிருப்பது பூச்சிமருந்து. ஹீட்டருக்கு வருவதோ 230 வோல்ட். அதையா உதட்டருகே கொண்டுபோவது?

"மருந்தை மாத்திட்டா?" என்பீர்கள். வைட்டமின் ஈ அசிடேட் தோலில் பூசினால் சாது. அதுவே கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்து ஆவியாக உள்ளே போனபோது? 2019-ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்புக்கு அதுதான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். 2020 பிப்ரவரிக்குள் 68 உயிர்கள் போயின!

நம் நாட்டில் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பதே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்புறம் டிப்ளமோ எங்கே, வேலை எங்கே?

லேப்ல மெக்கர் வச்சுப் பாக்காம பழைய மோட்டாருக்கு சப்ளை கொடுப்போமா? அது எரிஞ்சா ரீவைண்டிங் பண்ணிக்கலாம். நுரையீரலுக்கு?

கைத்திறமை இருக்கிறதா நண்பா? ஹாஸ்டலில் ஓடாத ஃபேன் எத்தனையோ கிடக்கு... வா, அதைக் கழற்றுவோம்!