முதல் மோட்டார் சைக்கிள் எத்தகையதாதல் வேண்டும்?

பதினெட்டாண்டு நிரம்பிய இளைஞர் பெரும்பாலார் உள்ளத்தில் இன்று முதலிடம் பெற்று நிற்கும் அவா, தமக்கென ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்பதே. விடுதி முற்றத்திலும், உணவறையிலும், வகுப்புக்கள் கலையும் வேளையிலும் இப்பேச்சே மிகுதியாக எழுகின்றது. எவ்வண்டி விரைவிற் சிறந்தது, எதன் ஒலி கம்பீரமானது, எதன் தோற்றம் கண்ணைக் கவர்வது என்றெல்லாம் ஆராயும் நம்மவர், 'இதனை ஓட்டப் போகும் யான் எத்தகையேன்?' என்னும் வினாவை மட்டும் எழுப்புவதில்லை. முதல் வண்டியைத் தெரிவு செய்யுங்கால் முதற்கண் எழவேண்டிய வினா இதுவேயாகும். இதற்கு நேர்மையாக விடை காண்போர், சிறியதும் இலேசானதும் பழகுதற்கு எளியதுமாகிய வண்டியையே நாடுவர் என்பது என் கருத்து.

இக்கருத்துக்குத் தக்க காரணங்கள் உள. மத்திய அரசாங்கத்தின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளிற் சென்றோராவர். இத்தொகையைப் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுதல் எளிது. ஆயின், தம் மகன் வண்டி எடுத்துச் சென்ற நாளெல்லாம் அவன் திரும்பும் வரை வாயிலையே நோக்கி நிற்கும் தாய்மார் பலர் என்பதை நாம் அறிவோம். அவர்தம் அச்சம் வீண் அச்சமன்று என்பதனை இவ்வெண்கள் காட்டுகின்றன.

பிற நாட்டார் இதனைச் சட்டத்தினாலேயே ஒழுங்குபடுத்தியுள்ளனர். இங்கிலாந்தில் பதினேழு வயதினன் 125 சி.சி.க்கு மேற்படாத வண்டியையே ஓட்டலாம். பத்தொன்பது வயதில் 35 கிலோவாட் ஆற்றலுக்கு மேற்படாத வண்டிக்கு உரிமம் பெறலாம். எவ்வகை வண்டியையும் ஓட்டுதற்கு இருபத்து நான்கு வயதாதல் வேண்டும், அன்றேல் இடைப்பட்ட உரிமத்துடன் ஈராண்டு கழிந்து இருபத்தொன்று நிரம்புதல் வேண்டும். ஜப்பானிலும் 400 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குத் தனி உரிமம் உண்டு. நம் நாட்டு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ, பதினாறு வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத கியரில்லா வண்டியையும், பதினெட்டில் எவ்வகை மோட்டார் சைக்கிளையும் ஓட்ட இடந்தருகின்றது. நூறு சி.சி. வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெற்ற ஒருவன், மறுநாளே 650 சி.சி. வண்டியில் ஏறி அமர்ந்தாலும் அவனைத் தடுப்பாரில்லை. சட்டம் வகுக்காத படிகளை நாமே நமக்கு வகுத்துக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.

வண்டியைத் தெரிவு செய்வதற்கு முதலாவதாக நோக்கத்தக்கது அதன் எடை. நம் ஊர்த் தெருக்களில் மிகுதியாகக் காணப்படும் ஸ்பிளெண்டர் வண்டி ஏறத்தாழ 112 கிலோ எடையுள்ளது. புல்லட் 350 ஏறத்தாழ 195 கிலோ. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமை, வளர்ந்த ஓர் ஆளின் எடையினும் மிகுதி. புதியோன் பெரும்பாலும் தடுமாறுவது நெடுஞ்சாலையிலன்று. கடைத்தெரு நெரிசலிலும், பேருந்து நிலையத்தின் முன்னும், மணல் சிதறிய திருப்பத்திலும், வண்டி ஊர்ந்து செல்லும்போதே அவன் தடுமாறுகின்றான். அவ்வேளை இரு பாதங்களும் நன்கு நிலத்திற் பதிதல் வேண்டும். ஆதலின், கடைக்குச் செல்வோர் வண்டியின் மீதமர்ந்து காலூன்றிப் பார்க்க. இறங்கிப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்க. நடு ஸ்டாண்டு இருப்பின் அதில் தாமே ஏற்றிப் பார்க்க. இவை இயலாவிடின் அவ்வண்டி தமக்குரியதன்று எனத் தெளிக.

இரண்டாவது, வேகம். மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கும். 60-இற் செல்வது 17 மீட்டர் அளவு கடக்கும். குறுக்கே வரும் ஆட்டையோ குழந்தையையோ கண்டு கை பிரேக்கைப் பற்றுமுன்னரே இத்தூரம் கழிந்துவிடுகின்றது. அதன் பின்னர் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் இரண்டேகால் மடங்காகின்றது. ஆற்றல் மிக்க எஞ்சினில் மணிக்கட்டின் சிறு திருப்பமும் பெரு விரைவைத் தரும். கை பழகாத புதியோனுக்கு அது நன்மையன்று.

மூன்றாவது, பிரேக்கு. வண்டியை நிறுத்துங்கால் அதன் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் சக்கரத்தினுடையது. புதியோரோ காற்பிரேக்கை மட்டுமே நம்புகின்றனர். அன்றேல் அச்சத்தால் முன் பிரேக்கை இறுகப் பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொள்ளச் சறுக்கி வீழ்கின்றனர். இப்பூட்டைத் தடுப்பதே ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் இது கட்டாயமாயிற்று. பழைய வண்டி வாங்குவோர் இவ்வாண்டை நினைவிற் கொள்வாராக.

பழைய வண்டி வாங்குதலையே யான் பரிந்துரைப்பேன். நம்மிற் பலர் வண்டி, தந்தையாரின் மாதத் தவணையினாலோ அன்னையாரின் அடகு நகையினாலோ வருவது. பழகுங் காலத்தில் ஒருமுறையேனும் கீழே சாயக்கூடிய ஒன்றிற்குப் பெரும்பொருள் செலவிடுவானேன்? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பார்க்க, முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு உண்டா எனக் காண்க, டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும் என்றறிந்து அதன் வயதைக் கணக்கிடுக, ஆர்.சி. புத்தகத்து எண்களை எஞ்சினிலும் சட்டத்திலுமுள்ள எண்களோடு ஒப்பிடுக. பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடற்க. மிச்சப்பட்ட பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற நல்ல தலைக்கவசம் இரண்டு வாங்குக. பின்னே அமரும் நண்பனுக்கும் தலை உண்டன்றோ?

இனி, மறுப்போர் கூற்றைக் காண்போம். 'பெரிய வண்டியே நெடுஞ்சாலையில் நிலைத்து நிற்கும்' என்பர் சிலர். இது மெய்யே, காற்றடிக்கும் நெடுவழியில் பாரமுள்ள வண்டி அசையாது செல்லும். ஆயின் நெடுஞ்சாலையை அடையுமுன் கடைத்தெருவைக் கடந்தாக வேண்டுமே! 'சிறிய வண்டி ஆறு திங்களில் சலித்துவிடும்' என்பர் வேறு சிலர். சலிக்கட்டும், சலித்தல் பழகிவிட்டதற்கு அடையாளம். பழைய சிறு வண்டியைப் பேரிழப்பின்றி விற்றுவிடலாம். புல்லட்டை யான் இகழ்கின்றேனல்லேன். 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தோன்றிய நாள்தொட்டு அது நம் சாலைகளின் பெருமையாய் நிற்கின்றது. அதனை ஓட்டுங் காலம் நமக்கும் வரும்.

அரிச்சுவடி கல்லாது இலக்கண நூலைக் கையிலெடுப்பானை நம் தமிழாசிரியர் எவரும் மெச்சார். வண்டி ஓட்டுதலும் ஒரு கல்வியே. அதற்கும் அரிச்சுவடி உண்டு. ஆதலின், மாணவ நண்பர்களே! ஓராண்டேனும் சிறு வண்டியில் மழையிலும், இரவிலும், நெரிசலிலும் பழகுங்கள். அதன்பின் பெரிய வண்டி வேண்டுமெனப் பெற்றோரிடம் சென்று கேளுங்கள். விழாது ஓட்டிய அவ்வோராண்டே உங்கள் பொருட்டு அவர்களிடம் பரிந்து பேசும்.