வாளில் தொடங்குவதா வரலாறு?

வழக்கின் எழுவினாக்களை வகுப்பவன், தீர்ப்பின் பாதியை அப்பொழுதே வகுத்துவிடுகிறான். மன்றேறிப் பழகியோர் அறிந்த உண்மை இது. சரித்திரப் படங்களுக்கும் இது பொருந்தும். முதலிற் காட்டப்படுவது எதுவோ, அதுவே பார்ப்போர் நெஞ்சில் ‘சரித்திரம்’ என்று பதிகிறது.

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ முதற் பாகத்தை எடுத்துக்கொள்வோம். மணிரத்னம் இயக்கிய அப்படம் எவ்வாறு தொடங்குகிறது? கமல்ஹாசனின் குரல் ஒலிக்கிறது. குரலுக்குரியவரோ திரையில் இல்லை. முகமற்ற குரலோடு எவரும் வாதிட முடியாது. குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சி அது! வானில் வால்வெள்ளி தோன்றுகிறது. அரச குலத்துக்குக் கேடு என்னும் அச்சம் எழுகிறது. அடுத்து, ஆதித்த கரிகாலன் இராட்டிரகூடரோடு பொருதும் போர்க்களம். குதிரையும் புழுதியும் வாளும் திரையை நிறைக்க, ரகுமானின் இசை முழங்குகிறது. இரவிவர்மனின் ஒளிப்பதிவும் அப்பின்னணி இசையும் இந்திய தேசிய விருது பெற்றவை. திறமையை நாம் மறுக்கவில்லை. அத்திறமை எதற்குத் துணைநின்றது என்பதே நமது வினா.

1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய கதை போர்க்களத்தில் தொடங்கவில்லை. ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. 74 கணவாய்களால் நீர் பாய்கிறது. மக்கள் கூடிக் களிக்கின்றனர். அதைக் கண்டு வந்தியத்தேவன் வியந்த பின்னரே அரசியற் சூழ்ச்சி தலைகாட்டுகிறது. அங்கே நீரும் கமக்காரனும் முதலில், அரசன் பின்னர். படம் அவ்வொழுங்கைப் புரட்டிவிட்டது. “பொன்னி நதியும் படத்தில் வருகிறதே” என்பர். வருகிறது, பாட்டாக, குதிரைவீரன் கடந்துசெல்லும் வழியாக!

இது வெறும் இரசனைச் சண்டையா? திருகோணமலையில் வாழ்வோருக்கு அன்று. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020 யூனில் சனாதிபதி செயலணியொன்று நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். நியமனத்தின்போது தமிழரோ முஸ்லிமோ ஒருவர்தானும் அதில் இல்லை. வயலும் மேடும் தொல்பொருட் பூமியென்று எல்லையிடப்படும் மாவட்டத்தில், சரித்திரம் காணி உறுதிக்கு ஒப்பானது. “தமிழன் வாளோடு கடல் கடந்து வந்த அந்நியன்” என்பதே எதிர்வாதம். நமது படங்களும் வாளையே முதலில் நீட்டினால், எதிர்த்தரப்பின் சாட்சியாக நாமே கூண்டேறியவர்களாவோம்!

சோழர் படையெடுப்பை மறைக்குமாறு நாம் கேட்கவில்லை. அநுராதபுரம் சூறையாடப்பட்டதும், 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதும் மெய். ஆனால் அது கதையின் ஒரு பக்கமே. மறுபக்கம் எங்கே? நம் துறைமுகத்துக்கு வடமேற்கே, பெரியகுளத்தருகே இருக்கிறது. இன்று வெல்கம் விகாரை எனப்படும் அப்பௌத்தப் பள்ளி, சோழராட்சியில் ‘இராசராசப் பெரும்பள்ளி’ என்று வழங்கியது. விளக்கெரிக்கத் தமிழர் அளித்த பசுக்களின் கணக்கை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் சொல்கின்றன. சைவ மன்னனின் பெயர் தாங்கிய பௌத்தப் பள்ளி! தமிழரிலும் பௌத்தர் வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் வலிய ஆவணம் வேண்டுமா? பௌத்தச் சின்னம் எங்கு கிடைப்பினும் அது ஓரினத்துக்கே உரியது என்னும் வாதம் இக்கல்லின்மேல் மோதி உடையாதா?

அப்படத்தின் ஈழக் காட்சிகள் தாய்லாந்தில் எடுக்கப்பட்டன. எடுக்கட்டும். ஆனால் ஈழத்துச் சோழரை இனிப் படமாக்குவோர் ஒரு குளக்கட்டில், ஒரு பள்ளியின் நந்தாவிளக்கில் தொடங்கட்டும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களே, மாணவரைப் பெரியகுளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சட்டத்தரணிகளே, அக்கல்வெட்டுகளின் படிகளை உங்கள் கோவைகளில் வையுங்கள். கமக்காரரே, உங்கள் காணியிலுள்ள ஒவ்வொரு கல்லையும் பேணுங்கள். திரையில் வாள் மின்னி மறையும். மன்றில் நிலைப்பது கல்லே!