துருவும் சேறும் அழகுக்கு அல்ல

போர் ஊர்திகளின் சிறு மாதிரிகளைச் செய்வது சிறுபிள்ளை விளையாட்டு என்று சிரிப்போர் உண்டு. போரைப் போற்றும் பொழுதுபோக்கு என்று பழிப்போரும் உண்டு. சில ஆண்டுகளாக இக்கலையில் ஈடுபட்டுவரும் வரலாற்று மாணவன் என்ற முறையில் இரு சாராருக்கும் விடை கூற விழைகிறேன்.

இத்துறையில் உலகெங்கும் பெருவழக்காக உள்ள அளவு 1:35 ஆகும். 7 மீட்டர் நீளமுள்ள டாங்கி இதில் 20 சென்டிமீட்டராகச் சுருங்கும். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தாமியா நிறுவனம் மோட்டார் பொருத்தி ஓடவிட்ட பாந்தர் டாங்கியிலிருந்து பரவிய அளவு இது. ஆம், விளையாட்டுப் பொருளாகத்தான் பிறந்தது. ஆனால் அது அங்கேயே நின்றுவிடவில்லை.

பாகங்களை ஒட்டி வண்ணம் பூசியவுடன் கிடைப்பது பொம்மைதான். அதற்கு வெயிலும் மழையும் ஏற்றுவதில்தான் கலை இருக்கிறது. நீர்த்த கரும்பழுப்பு வண்ணம் இடுக்குகளில் ஓடி அழுக்காகத் தேங்கும். உலர்ந்த தூரிகையால் விளிம்புகளைத் தடவினால் தேய்மானம் தோன்றும். பஞ்சின் முனையால் ஒற்றினால் வண்ணம் பெயர்ந்த தழும்பு உண்டாகும். புழுதிக்குச் சலித்த மண்ணே போதும். ஆனால் 1 மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் 35 மில்லிமீட்டர் கல்லாகிவிடும். எனவே மாவைப்போல் சலிக்க வேண்டும்.

கைத்திறன் இவ்வளவே. அறிவுக்கு வேலை இனிமேல்தான். கறையை எங்கே வைப்பது? ஏன் வைப்பது? ஓடும் டாங்கியின் சங்கிலிப் பட்டையில் தரையோடு உரசும் இரும்பு பளபளக்கும். சில நாள் நின்றால் அதுவே துருவேறும். சூட்டில் வண்ணம் கருகிய புகைக்குழாய் முதலில் துருப்பிடிக்கும். அமெரிக்க எம்-113 ஊர்தியின் உடல் அலுமினியம். அதில் செந்துரு பூசுவது அறியாமை.

இடமும் காலமும் அறியாமல் சேறு பூசவும் இயலாது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் அருகே, அசல் உத்தர் களத்தில், நம் படையினர் வயல்களில் நீரைப் பாய்ச்சினர். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் கரும்புக் காட்டுச் சேற்றில் சிக்கின. 1971 டிசம்பரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் டி-59 டாங்கிகளைத் தடுமாற வைத்தது பாலைமணல். விடிந்ததும் ஹன்டர் விமானங்கள் அவற்றைத் தாக்கின. முன்னதில் ஈரச்சேறு, பின்னதில் வெளிர்புழுதி. இவ்விரண்டையும் மாற்றிப் பூசுபவன் போரின் போக்கையே மாற்றி எழுதுகிறான். சேறு அங்கே அலங்காரம் அன்று. வெற்றி தோல்வியின் காரணம்.

இன்று பலரும் டாங்கி முழுவதும் செம்மஞ்சள் துருவை அள்ளிப் பூசி, அழகு என்று மகிழ்கின்றனர். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். இரண்டாம் உலகப்போரில் எத்தனையோ டாங்கிகள் துருப்பிடிக்கும் வயதை எட்டுமுன்பே அழிந்தன. போர்க்களத்துப் புது டாங்கி உடலெங்கும் துருவேறி நிற்கிறது என்றால், பெரும்பாலும் அதன் பொருள் ஒன்றே: அது எரிந்திருக்கிறது. தீ வண்ணத்தைத் தின்ற பின், காப்பற்ற எஃகு சில நாட்களிலேயே சிவந்துவிடும். அத்தீயில் மனிதர் இருந்திருக்கக்கூடும். அந்த நிறத்தைத் தீட்டும் கை இதை நினைத்து நடுங்க வேண்டாமா?

போரைப் போற்றுகிறோம் என்போருக்கு என் விடை இதுதான். அணிவகுப்பில் மின்னும் டாங்கி போரைப் பற்றிப் பொய் சொல்கிறது. காரணம் அறிந்து பூசிய கறையோ அதன் விலையைச் சொல்கிறது.

ஆகவே மாதிரி செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக் கண்காட்சியில் உங்கள் படைப்பை வைக்கும்போது அருகே ஒரு சிறு சீட்டும் வையுங்கள். எந்தக் களம், எந்த ஆண்டு, இந்தச் சேறு எப்படி வந்தது, இந்தத் துரு ஏன் என்று அதில் எழுதுங்கள். எழுத முடியாத கறையைத் துடைத்துவிடுங்கள். அப்போது நம் மேசைமேல் நிற்பது பொம்மையாக இராது. ஒரு சான்றாக இருக்கும்.