ராத்திரி 2 மணிக்குக் காபி மூட்டையை விற்பீர்களா? கிரிப்டோ வாலிபர்களுக்கு ஒரு கேள்வி!

2025 அக்டோபர் 11-ந் தேதி. சனிக்கிழமை. அதிகாலை 2½ மணி இருக்கும்.

ஏற்காடு மலை முழுக்கப் போர்வைக்குள் கிடந்த நேரம் அது. ஏரிக்கரைக் கடைகள் சாத்திக் கிடந்தன. மலைப்பாதையில் வண்டிச் சத்தம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அமெரிக்க அதிபர் டிரம்ப், சீனச் சரக்குக்கு மேலும் 100 சதவீத வரி என்று அறிவித்தார். அங்கே அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவர்கள் ஊர்ப் பங்கு மார்க்கெட் அன்றைய வியாபாரத்தை முடித்துவிட்டது. நம்ம மும்பை மார்க்கெட்டும் பூட்டிக் கிடந்தது. திறந்தே இருந்தது கிரிப்டோ கடை!

விழுந்தது பாருங்கள், அப்படி ஒரு விழுகை! முந்தின நாள் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த பிட்காயின், 1 லட்சத்து 5 ஆயிரம் டாலர் அருகே வந்து நின்றது. சின்னக் காயின்கள் கதை இன்னும் மோசம். 24 மணி நேரத்தில் உலகம் முழுக்க 16 லட்சம் பேருக்கு மேல் கணக்கு காலி. கடன் வாங்கிக் கட்டிய பந்தயத்தில் 1,900 கோடி டாலருக்கு மேல் அழிந்தது.

கணக்கு காலி என்றால் என்ன? ஒருத்தர் தன் கைக்காசு 10 ஆயிரம் ரூபாய் போடுகிறார். ஆப் 10 மடங்கு கடன் வசதி தருகிறது. 1 லட்ச ரூபாய்க்கு பிட்காயின் ஏறும் என்று பந்தயம் கட்டியாயிற்று. விலை 10-ல் ஒரு பங்கு இறங்கினால் போதும். அவரைக் கேட்காமலே ஆப் விற்றுத் தீர்த்துவிடும். அவர் தூங்கிக்கொண்டு இருந்தாலும் சரி, முழித்துக்கொண்டு அழுதாலும் சரி. காலையில் விலை திரும்ப ஏறினாலும் அந்த 10 ஆயிரம் வராது.

"மனசை அடக்கு" என்கிறார்கள்!

செல்போனைத் திறந்தால் இதற்கு உபதேசம் செய்ய ஆயிரம் பேர். "பயப்படாதே, பேராசைப்படாதே, எமோஷனைக் கன்ட்ரோல் பண்ணு" என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ராத்திரி 2½ மணிக்கு, கை நடுங்கும்போது, யாரால் முடியும்? என் அபிப்பிராயத்தில் அது நடக்காத காரியம்.

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பஸ் டிரைவரைக் கவனித்துப் பாருங்கள். வளைவுக்குள் போய்ப் பிரேக்கைப் போட்டு மிதிக்க மாட்டார். வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். சனி, ஞாயிறு வெளியூர் கார்களில் இருந்து வருகிற கருகல் வாடை மலைக்காரர்களுக்குத் தெரியும்.

கிரிப்டோவிலும் கியர் போடுகிற நேரம் பகல். வாங்குவதற்கு முன்னாடி. எவ்வளவு பணம், எந்த விலைக்கு இறங்கினால் வெளியே வருவது, எந்த விலைக்கு ஏறினால் பாதியை விற்பது என்று ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டில் இருக்கிறவர்கள் கண் படுகிற இடத்தில் ஒட்டணும். ஒட்ட வெட்கமாக இருக்கிறதா? அப்படியானால் அந்தப் பணத்தைப் போடவே கூடாது. என்னைக் கேட்டால் சோதனை அதுதான்.

காபிக்கு இல்லாத ஆட்டமா?

விலை ஆட்டம் இந்த மலைக்குப் புதுசு இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்தில் வந்தது இங்கே காபி. சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அராபிகா. நியூயார்க் மார்க்கெட்டில் அதன் விலையைப் பாருங்கள். 1997-ல் ஒரு பவுண்டு 3 டாலரைத் தாண்டியது. 2001-ல் அரை டாலருக்கும் கீழே விழுந்தது. 2025 பிப்ரவரியில் 4 டாலருக்கு மேல்! எந்தக் காயினுக்கு இது சளைத்தது?

பழைய காலத்தில் விளைந்ததை எல்லாம் காபி போர்டிடம் ஒப்படைக்கணும். பணம் தவணை தவணையாக வரும். 1996-ல்தான் முழுசாகக் கட்டு அவிழ்ந்தது. அதற்கு அப்புறம் எப்போது விற்பது என்கிற தலைவலி தோட்டக்காரர் தலையில்.

ஆனாலும் அவர்களை ஒன்று காப்பாற்றியது. தாமதம்! நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கணும். தோல் எடுத்துக் காய வைக்கணும். மூட்டை கட்டணும். வியாபாரியிடம் பேசணும். கோபத்தில் ஒரு மூட்டையை விற்கக்கூட இரண்டு நாள் ஆகும். அதற்குள் கோபம் ஆறிவிடும். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகும் அப்படித்தான்.

தோட்டக்காரப் பெரியவர் ஒருத்தர் சொன்னார்: "காலையில விலை கேட்டா சாயங்காலம்தான் பதில் சொல்லுவேன் தம்பி. வீட்டுக்காரியைக் கேட்காம மூட்டையைத் தராசுல வைக்கிறதில்லை. ராத்திரி 2 மணிக்கு எவனாவது விலை பேச வந்தா திருடன்னு நாயை அவுத்து விடுவேன்."

அவர் பேரன்மார் தலைமாட்டில் செல்போனை வைத்துக்கொண்டு அதே 2 மணிக்கு விலை பேசுகிறார்கள். கதவும் இல்லை, நாயும் இல்லை.

(இன்னொன்று. காபி விலை விழுந்தால் வீட்டில் போட்டாவது குடிக்கலாம். காயினை என்ன செய்வது?)

ரம்மிக்குப் பூட்டு, இதுக்கு?

2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஒரு விதி கொண்டு வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்கு ராத்திரி 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை பூட்டு! கம்பெனிகள் ஐகோர்ட்டுக்குப் போயின. விதி செல்லும் என்று சென்னை ஐகோர்ட்டு ஜூன் மாதம் சொல்லிவிட்டது. ஆகஸ்டில் மத்திய அரசு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்கே தடைச் சட்டம் கொண்டு வந்தது.

பங்கு மார்க்கெட்டிலும் பூட்டு உண்டு. தினம் 3½ மணிக்கு மூடிவிடும். 2020 மார்ச் 13-ந் தேதி, கொரோனா பயத்தில் காலையிலேயே 10 சதவீதம் சரிந்தது. 45 நிமிஷம் வியாபாரத்தை நிறுத்தி வைத்தார்கள். திரும்பத் திறந்ததும் ஏறத் தொடங்கி, அன்று லாபத்திலேயே முடிந்தது. பதறிப்போய் முதல் 10 நிமிஷத்தில் விற்றவர் நிலைமை என்ன?

கிரிப்டோவுக்கு மட்டும் ராத்திரி கிடையாது, ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. "உலக மார்க்கெட்டை எப்படி மூடுவது?" என்று கேட்கிறார்கள். உலகத்தை யார் மூடச் சொன்னார்கள்? என் கணக்குக்கு என் கையால் பூட்டுப் போட ஒரு பொத்தான் வேண்டும். ராத்திரி வேண்டாம் என்று பகலில் அமுக்கினால், காலை வரை எவ்வளவு கெஞ்சினாலும் திறக்கக் கூடாது. இந்தியாவில் நடக்கும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச் முதல் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆதார், பான் கார்டு எல்லாம் கேட்டு வாங்குகிற அரசு, இந்தப் பொத்தானையும் வைக்கச் சொன்னால் குறைந்தா போய்விடும்?

அடிக்கடி தொட்டால் என்ன ஆகும்?

பார்பர், ஓடியன் என்று இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 66 ஆயிரம் குடும்பங்களின் பங்குக் கணக்கை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். மார்க்கெட் வருஷத்துக்கு 17.9 சதவீதம் தந்த காலத்தில், ரொம்ப அடிக்கடி வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். கை சும்மா இருக்க மாட்டாததற்குக் கட்டிய அபராதம் அது.

நம்ம நாட்டில் அபராதம் இன்னும் ஜாஸ்தி. 2022 ஜூலை முதல், கிரிப்டோவை விற்கும்போது 100-க்கு 1 ரூபாய் முன்வரியாகப் பிடிக்கிறார்கள். அப்புறம் கணக்குக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விட்டதைப் பிடிக்கிறேன் என்று அதே பணத்தை 50 தடவை புரட்டினால், விலை அசையாமல் இருந்தால்கூட 1 லட்சத்தில் 60 ஆயிரம்தான் கையில் சுற்றும். லாபத்துக்கு 30 சதவீத வரி தனி. ஒரு காயினில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நஷ்டம் என்றாலும் லாபத்துக்கு 30 ஆயிரம் கட்டியே ஆகணும். நஷ்டத்தைக் கழிக்க விட மாட்டார்கள்.

"பொறுமையாக வைத்திருந்தால் ஏறும்" என்று சிலர் சொல்கிறார்கள். பிட்காயினை 2021 நவம்பரில் 69 ஆயிரம் டாலருக்கு வாங்கியவர், 2022 நவம்பரில் 16 ஆயிரத்தைப் பார்த்தார். 2024 டிசம்பரில் அதுவே 1 லட்சத்தைத் தாண்டியது. சரிதான். அதே 2022-ல் லூனா என்ற காயின் மே மாதத் தொடக்கத்தில் 80 டாலர் சுமார். ஒரே வாரத்தில் பைசா பெறாமல் போனது. அதிலும் பொறுமையாக இருந்தவர்கள் உண்டு! கட்டுப்பாடு இருந்தால் லாபம் வரும் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். கட்டுப்பாடு என்பது தோட்டத்து வேலி. வேலியில் காபி காய்க்காது.

கடைசியாகப் போலீஸ் சமாச்சாரம். பணம் போன சூட்டில் இருக்கிறவனைத் தேடி ஒரு கும்பல் வரும். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று டெலிகிராமில் ஆசை காட்டும். அப்படிக் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன வங்கிக் கணக்கை முடக்க வழி இருக்கிறது. மனசு தாங்கவில்லை என்றால் 14416. ராத்திரி 2½ மணிக்கும் எடுப்பார்கள்.