இந்த ஆய்வால் யாருக்குப் பயன்?

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் தலைப்புகளைப் பார்க்கும் எவருக்கும் முதலில் வியப்பே மேலிடும். ஒருவர் பாம்பின் குரோமோசோமை ஆராய்கிறார். இன்னொருவர் பழங்காசுகளின் எடையைக் கணக்கிடுகிறார். வேறொருவர் நிலத்தடிப் பாறைகளைப் பற்றி எழுதுகிறார். இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றுகின்றன. “மக்களின் வரிப்பணத்தில் இதெல்லாம் தேவையா? இந்த ஆய்வால் யாருக்குப் பயன்?” என்ற கேள்வி எழுகிறது. முதலாளித்துவ ஊடகங்கள் மட்டும் இதைக் கேட்பதில்லை. நமது கிளைக் கூட்டங்களிலும் நல்லெண்ணத்துடன் இக்கேள்வி அவ்வப்போது ஒலிக்கிறது.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு ஆளும் வர்க்கம் தரும் பதிலும் உழைக்கும் வர்க்கம் தர வேண்டிய பதிலும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஹைதராபாத் நகரின் அனுபவம் நமக்கு உதவும்.

ஒரே நகரில் பல துறைகள்

ஹைதராபாத் என்றதும் இன்று தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களே பலரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த நகரின் அறிவுப் பரப்பு, பொதுப் பணத்தில் பல பத்தாண்டுகளாகக் கட்டியெழுப்பப்பட்டதாகும். 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் நமது குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி, 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1961இல் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும், 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகமும், 1977இல் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும், 1998இல் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகமும் உருவாயின. பாறை, தானியம், உயிரணு, மொழி, சமூகம் என எல்லாத் துறைகளும் ஒரே நகரில் இடம்பெற்றன. உடனடி லாபத்தை மட்டுமே எதிர்பார்க்கும் எந்த முதலாளியும் இவ்வளவு பரந்த அடித்தளத்தை அமைத்திருக்கமாட்டார்.

பாம்பிலிருந்து நீதிமன்றத்திற்கு

முதலில் பாம்பை எடுத்துக்கொள்வோம். உத்தரப்பிரதேசத்தின் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த லால்ஜி சிங், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பாம்புகளில் ஆண், பெண் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதே அவருடைய கேள்வி. அந்த நாளில் அவரிடம் “இதனால் யாருக்குப் பயன்?” என்று கேட்டிருந்தால், நேரடியான பதில் எதையும் அவரால் சொல்லியிருக்க முடியாது. கட்டுவிரியன் வகைப் பாம்பொன்றின் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடரை அவரும் சக ஆய்வாளர்களும் கண்டறிந்தனர். பின்னர் ஹைதராபாத் மையத்தில், அதே தொடரைக் கொண்டு மனிதர்களைத் தனித்தனியே அடையாளம் காணமுடியும் என்பதை அவரது குழு நிறுவியது. இந்தியாவுக்கென்று ஒரு டிஎன்ஏ அடையாள முறை இவ்வாறே பிறந்தது.

அது முதலில் பயன்பட்ட வழக்குகளில் ஒன்று கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் நடைபெற்றது. குழந்தைக்குத் தான் தகப்பன் இல்லை என்று ஒரு ஆண் மறுத்த ஜீவனாம்ச வழக்கு அது. பாம்பின் உடலில் தொடங்கிய ஆராய்ச்சி, ஒரு ஏழைத் தாயின் உரிமைக்குச் சாட்சியாக வந்து நின்றது. எந்த அமைச்சகத்தின் முன்னுரிமைப் பட்டியலும் இதை முன்கூட்டியே எழுதியிருக்க முடியாது.

அடுத்து பழங்காசு. கணிதப் பேராசிரியரான டி.டி.கோசாம்பி, புழக்கத்தில் தேயும் வெள்ளி நாணயங்கள் எடை இழக்கின்றன என்ற எளிய உண்மையைப் பற்றிக்கொண்டார். பழங்கால முத்திரைக் காசுகளை நிறுத்துப் பார்த்து, புள்ளியியலின் துணையுடன் அவற்றின் கால வரிசையை ஆராய்ந்தார். கணிதமும் நாணயவியலும் மொழியறிவும் களஆய்வும் ஒரே மனிதரிடம் சந்தித்தன. 1956இல் அவர் வெளியிட்ட இந்திய வரலாறு குறித்த நூல், மன்னர்களின் கதையாக இருந்த வரலாற்றை உற்பத்தி உறவுகளின் வரலாறாக மாற்றி எழுதியது. நமது இயக்கம் இன்றும் பயன்படுத்துகிற ஆயுதம் அது.

நல்கொண்டாவின் தண்ணீர்

மூன்றாவது, பாறை. நல்கொண்டா என்ற பெயர் நம் தோழர்களுக்குப் புதிதல்ல. 1946 முதல் 1951 வரை நடைபெற்ற தெலுங்கானா ஆயுதப் போராட்டத்தின் இதயமாக இருந்த மாவட்டம் அது. நிஜாமையும் நிலப்பிரபுக்களையும் எதிர்த்து நிமிர்ந்து நின்ற அந்த மண்ணில், பல கிராமங்களின் மக்கள் முதுகு வளைந்து, மூட்டுகள் இறுகி முடமானார்கள். காரணம், குடிநீரில் இருந்த ஃபுளோரைடு.

இந்நோயைப் புரிந்துகொள்ள எத்தனை துறைகள் தேவைப்பட்டன என்பதைப் பாருங்கள். 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் நிலவுவதை கிண்டி கிங் ஆய்வு நிலையத்தின் ஷார்ட் உள்ளிட்ட மருத்துவ ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கருங்கற் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நீரில் கரைவதை விளக்கியது புவியியல். 1970களில், இளம் வயதினரின் முழங்கால்கள் உட்புறமாக வளையும் புதிய கோளாறை ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட ஏழைகளிடையே அது மிகுந்திருந்தது. சோளத்தில் உள்ள மாலிப்டினம், உடலில் செம்புச் சத்தின் குறைவு, நாகார்ஜுனசாகர் அணைக்குப் பின் நிலத்தடி நீரில் ஏற்பட்ட மாற்றம் ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்பு விவாதிக்கப்பட்டது. படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடை அகற்றும் எளிய முறையை நாக்பூர் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. அம்முறை ‘நல்கொண்டா முறை’ என்றே அழைக்கப்படுகிறது. மருத்துவம், புவியியல், வேளாண்மை, வேதியியல், பொறியியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இல்லாமற் போயிருந்தாலும் அந்த மக்களின் எலும்புகள் பேசிய மொழி முழுமையாக நமக்கு விளங்கியிருக்காது.

ஆனால் ஆய்வு மட்டும் தண்ணீரைக் கொண்டுவந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1996 நாடாளுமன்றத் தேர்தலில் நல்கொண்டா தொகுதியில் 480 பேர் போட்டியிட்டனர். ஃபுளோரைடு கொடுமையை நாட்டின் கவனத்திற்குக் கொண்டுவர மக்கள் கண்ட வழி அது. வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. அதே ஆண்டில் நமது மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டதைத் தோழர்கள் நினைவுகூரலாம். அறிவியல் காரணத்தைச் சொன்னது. அந்த உண்மையை அரசின் காதில் விழச் செய்தது மக்கள் போராட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதே நோயைக் கண்டவர்கள், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்காகக் காத்திருந்த ஆண்டுகளை மறக்கமாட்டார்கள்.

பட்டியல் போடுகிறவர்கள் யார்?

வளம் குறைந்த நாட்டில் முன்னுரிமைகள் வேண்டாமா என்று கேட்கலாம். நிச்சயம் வேண்டும். அறிவியலைச் சமூகத் தேவைக்காகத் திட்டமிட வேண்டும் என்று 1939லேயே வாதிட்டவர் மார்க்சிய அறிவியலாளர் ஜே.டி.பெர்னல். ஆனால் குடிநீருக்கும் காசநோய்க்கும் கூடுதல் நிதி ஒதுக்குவது வேறு. ஆராயக் கூடாதவை எவை என்று ஆட்சியாளர்கள் தீர்மானிப்பது வேறு. இன்று நடப்பது இரண்டாவது.

2019 மார்ச்சில், தேசிய முன்னுரிமைக்கு ஏற்ற ஆய்வுத் தலைப்புகளைப் பட்டியலிடுமாறு கேரள மத்தியப் பல்கலைக்கழகம் தன் துறைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தொடர்பற்ற தலைப்புகளை ஊக்குவிக்கக் கூடாது என்றும் கூறியது. இதை எதிர்த்துப் பேராசிரியர் மீனா டி.பிள்ளை பாடத்திட்டக் குழுவிலிருந்து விலகினார். 2025இல், அமர்நாத் ராமகிருஷ்ணா சமர்ப்பித்த கீழடி அறிக்கையைத் திருத்தி எழுதுமாறு இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. அவர் மறுத்தார், பின்னர் இடமாற்றம் செய்யப்பட்டார். கரித்துண்டின் வயதை இயற்பியல் சொல்கிறது. அது ஆட்சியாளர்களின் வரலாற்றுக் கற்பனைக்குப் பொருந்தவில்லை என்றால், திருத்தப்பட வேண்டியது கரித்துண்டா, கற்பனையா?

கட்டளையால் செய்ய முடியாததைப் பணத்தால் செய்கிறார்கள். இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. சீனா 2 சதவீதத்திற்கும் மேல், தென்கொரியா 4 சதவீதத்திற்கும் மேல் செலவிடுகின்றன. 2023இல் சட்டமாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி அரசு சாராத வழிகளிலிருந்து வருமாம். பணம் கொடுப்பவரே கேள்வியையும் தீர்மானிப்பார். பாம்பின் குரோமோசோமுக்கோ, நல்கொண்டா ஏழையின் முழங்காலுக்கோ எந்தப் பெருநிறுவனம் நிதி தரும்?

கேள்வி கேட்பவர்கள் யார்?

ஆய்வின் பன்மை என்பது தலைப்புகளின் பன்மை மட்டுமல்ல. ஆய்வாளர்களின் பன்மையும் ஆகும். பரம்பரைச் சொத்துள்ளவர்கள் எந்தத் தலைப்பையும் எடுத்துக்கொண்டு பத்தாண்டுகள் படிக்கலாம். கூலித் தொழிலாளியின் மகளுக்கு உதவித்தொகை இல்லையேல் ஆய்வே இல்லை.

ரோகித் வெமுலாவை நாம் மறக்க முடியாது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியல் ஆய்வில் சேர்ந்து, பின்னர் அறிவியலுக்கும் சமூகத்திற்குமான உறவை ஆராயும் துறைக்கு மாறியவர் அவர். அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று கனவு கண்டவர். இரு துறைகளுக்கு நடுவே நின்று புதிய கேள்விகளைக் கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது. அவரது உதவித்தொகை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2016 ஜனவரி 17 அன்று அவரை நாம் இழந்தோம். தன் இறுதிக் கடிதத்திலும் வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குறிப்பிட்டிருந்தார். சாதியம் ஒரு மனிதரை மட்டும் கொல்வதில்லை. அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளையும் சேர்த்தே கொல்கிறது.

மத்தியப் பல்கலைக்கழகங்களில், நெட் தேர்வுவழி உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட மாணவர்களுக்கான தொகை 2012இல் மாதம் 8,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. விலைவாசி எங்கோ சென்றுவிட்ட பிறகும் பத்தாண்டுகளுக்கு மேலாக அது உயரவில்லை. 2015இல் அதையும் ஒழிக்க முயன்றபோது, யுஜிசி அலுவலகத்தின் முன் மாணவர்கள் இரவும் பகலும் அமர்ந்து தடுத்து நிறுத்தினர். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு கைவிட்டது.

தாக்குதல் ஒன்றிய அரசிடமிருந்து மட்டும் வரவில்லை. 2025 மார்ச்சில், தெலுங்கானாவின் காங்கிரஸ் அரசு ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கரை ஏலம் விடுவதற்காக இரவிலும் இயந்திரங்களை இறக்கி மரங்களை வீழ்த்தியது. மாணவர்கள் எதிர்த்து நின்றனர், கைது செய்யப்பட்டனர். ஏப்ரல் 3 அன்று உச்சநீதிமன்றம் பணிகளை நிறுத்தியது. நிலத்தை ரியல் எஸ்டேட்டாக மட்டும் பார்க்கும் கண், பல்கலைக்கழகத்தையும் அப்படித்தான் பார்க்கும்.

நமது கடமை

எனவே “இந்த ஆய்வால் யாருக்குப் பயன்?” என்ற கேள்வியை நாம் கைவிட வேண்டியதில்லை, திருத்திக் கேட்க வேண்டும். ஆய்வின் பலன் யாருடைய கைக்குப் போகிறது? ஆய்வு செய்யும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது? தலைப்பைத் தீர்மானிப்பது ஆய்வாளரா, அமைச்சரா, முதலாளியா? இவையே நமது கேள்விகள்.

ஆராய்ச்சிக்கான பொது நிதியை உயர்த்தவும், உதவித்தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி மாதந்தோறும் வழங்கவும், கைவிடப்பட்ட உதவித்தொகைகளை மீட்கவும், தலைப்புகள் மீதான தணிக்கையை நிறுத்தவும் நாம் போராட வேண்டும். இது மாணவர் சங்கத்தின் வேலை மட்டுமல்ல; தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கமும் தமது கோரிக்கைகளில் இதைச் சேர்க்க வேண்டும்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மக்கள் பணத்தில் நடந்த ஆய்வை மக்களின் மொழியில் மக்களிடம் சொல்ல வேண்டும். அதற்கான மேடையை நமது கிளைகள் அமைத்துத் தரலாம். உங்கள் ஊரிலிருந்து ஆய்வு செய்யச் சென்ற ஒரு மாணவரை அடுத்த கிளைக் கூட்டத்திற்கு அழையுங்கள். தலைப்பு எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் ஒரு மணி நேரம் கேளுங்கள். பிறகு உங்கள் ஊரின் தண்ணீரைப் பற்றியும், வேலையைப் பற்றியும், நோயைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். அடுத்த ஆய்வுக்கான கேள்வி அந்தக் கூட்டத்திலிருந்தே பிறக்கக்கூடும்.